கையால் செதுக்கிய பெயர்ப்பலகை என்று 7,500 ரூபாய் கொடுத்த கதை

வீட்டு வாசலுக்கு மரத்தில் பெயர்ப்பலகை செய்யச் சொல்லிப் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. இதே வேலையை இதே மாதிரி செய்கிறவர்கள் இன்னும் பலர் இருப்பார்கள் என்பது என் சந்தேகம்.

புது வீட்டுக்கு 'கொன்றைச் சோலை' என்று பெயர் வைத்தவர் அம்மா. ஓய்வுபெற்ற தமிழாசிரியை. 1978-ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் எழுத்துச் சீர்திருத்த அரசாணை வருவதற்கு முன்பே எழுதப் பழகியவர். பள்ளியில் பிள்ளைகளுக்குப் புது எழுத்தைத்தான் சொல்லிக் கொடுத்தார், ஆனால் வீட்டில் மளிகைச் சீட்டு எழுதினால்கூட அந்தப் பழைய 'லை'தான். ல-வின் தலைக்கு மேல் யானைத் துதிக்கை மாதிரி வளைந்து நிற்குமே, அது. வாசலில் அவர் கையெழுத்தே இருக்கட்டும் என்று எனக்கு ஓர் ஆசை. அம்மா பென்சிலால் பிரவுன் தாளில் எழுதித் தந்தார், மூன்று முறை அழித்து.

அப்போதுதான் ஒரு வீடியோ கண்ணில் பட்டது. ஒருவர் கையில் ரூட்டரை, அதாவது சுழலும் முனையால் மரத்தில் பள்ளம் வெட்டும் மிஷினைப் பிடித்துக்கொண்டு, அச்சு இல்லாமல், வழிகாட்டிக் கட்டை இல்லாமல், பலகையில் எழுத்தை அப்படியே ஓட்டிக்கொண்டு போகிறார். 'ஃப்ரீஹேண்ட், ஒரிஜினல் தேக்கு' என்று கீழே எழுதியிருந்தது. பார்த்துக்கொண்டே இருக்கலாம் போல அவ்வளவு அழகு. அவர் செதுக்கியது ஆங்கில எழுத்து என்பதும், வீடியோவில் ஒரு தமிழ்ப் பலகைகூட இல்லை என்பதும் அன்று எனக்கு உறைக்கவில்லை.

போன் செய்தேன். "கையெழுத்தை அப்படியே கொண்டுவந்துடலாம் சார், நம்ம ஆளு இருபது வருஷ அனுபவம்" என்றார். மூன்றடி நீளம், ஒன்பது அங்குல அகலம், ஒன்றரை அங்குலக் கனம், ஒரே தேக்குப் பலகை, 7,500 ரூபாய். முன்பணம் 4,500. ஜிபேயில் அனுப்பினேன். பில் கேட்கவில்லை. இதுதான் நான் செய்த முதல் முட்டாள்தனம்.

பத்து நாள் கழித்து வாட்ஸ்அப்பில் படம் வந்தது. சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. 'கொ'-வில் க-வுக்கு முன்னால் நிற்க வேண்டிய கொம்பு பின்னால் போய்த் துணைக்காலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. 'சோ'-வும் அப்படியே. கடைசியில் ல-வுக்குப் பின்னால் ஒரு சங்கிலிக் கொம்பு, அதாவது 'லை'க்கு முன்னால் நிற்க வேண்டிய 'ை' குறி, பஸ்ஸைத் தவறவிட்ட ஆள் மாதிரி தனியாக நின்றது. தமிழ் சரியாகத் தெரியாத மென்பொருளில் தட்டச்சு செய்தால் இப்படித்தான் வரும். பிளெக்ஸ் பேனர்களில் நிறையப் பார்த்திருக்கிறோம். கையால் செதுக்குகிற மனிதனுக்கு, அவன் எவ்வளவு தூக்கக் கலக்கத்தில் இருந்தாலும், இந்தத் தப்பு மட்டும் வராது. இதையும் நான் அன்று யோசிக்கவில்லை. எழுத்துப்பிழை என்று மட்டும் நினைத்துச் சண்டை போட்டேன். "வேற பலகை போட்டுத் தர்றோம் சார், நஷ்டம் எங்களோடது" என்றார். நல்ல மனிதர் என்றுகூட நினைத்தேன்.

ஆவணி மாதம் பலகை வந்தது. மீதி 3,000 கொடுத்தபிறகுதான் சாக்கைப் பிரித்தார்கள். கொம்புகள் இப்போது சரியான இடத்தில் இருந்தன. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு. ஆனா இது யாரு எழுதினதுடா?" என்றார். பழைய லை இல்லை. அவர் எழுத்தின் சாயலே இல்லை. ஏதோ கல்யாணப் பத்திரிகை எழுத்து.

போனில் கேட்டதற்கு வந்த பதில்: "அந்த லை ஃபான்ட்ல இல்ல சார்."

கையால் செதுக்குகிறவருக்கு ஃபான்ட் எதற்கு? அந்த ஒரு வாக்கியத்தில் எல்லாம் புரிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் தட்டி, அதன்படி தானாகவே வெட்டுகிற சிஎன்சி எந்திரத்தில் கொடுத்து வெட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் போய்ப் பார்த்தேன். 'றை'யிலும் 'லை'யிலும் இருந்த இரண்டு சங்கிலிக் கொம்புகளும் ஒரே அச்சில் வார்த்தவை போல இருந்தன. எழுத்தின் பள்ளத்தில் சீப்பால் வாரியது போல ஒரே இடைவெளியில் கோடுகள். சிஎன்சி மேல் எனக்குக் கோபம் இல்லை. கையெழுத்தை ஸ்கேன் செய்து கோடாக மாற்றிக் கொடுத்திருந்தால் அந்த எந்திரமே அம்மாவின் லையையும் வெட்டியிருக்கும். அந்தச் சின்ன உழைப்பைக்கூடச் செய்யாமல் கைவேலைக்கான கூலியை வாங்கிக்கொண்டார்களே, அதுதான் எரிச்சல். போகட்டும் என்று மாட்டிவிட்டோம்.

ஐப்பசி மழை வந்தது. மூன்றாம் நாள் சுவரில் காப்பித்தூள் நிறத்தில் ஒழுகல். பலகையைக் கழற்றித் திருப்பினேன். பின்பக்கத்தில் ஊறி உப்பிய பட்டிக்குள்ளிருந்து (பள்ளத்தை அடைக்கும் பூச்சு) மெல்ல எட்டிப் பார்த்தது அந்தப் பழைய, கொம்பு இடம்மாறிய 'கொன்றைச் சோலை'! வேறு பலகையாவது ஒன்றாவது. அதே பலகையைத் திருப்பிப் போட்டு வெட்டி, பின்னால் இருந்த பள்ளத்தைப் பட்டி வைத்து அடைத்துச் சாயம் பூசியிருக்கிறார்கள். சாயம் போன இடத்தில் விரலோடு விரல் கோத்தது போலப் பல் பல்லாக இணைப்புகள். உள்ளே மரம் வெளேரென்று இருந்தது.

தெரிந்த ஆசாரி ஒருவரிடம் எடுத்துப் போனேன். ஓரத்தில் லேசாகச் சீவி, முகர்ந்து பார்த்து, "ரப்பர் மரம் தம்பி, துண்டு துண்டா சேர்த்து ஒட்டுன போர்டு" என்றார். நாற்காலி, அலமாரிக்கு நல்ல மரமாம், வெயில் மழையில் நிற்காதாம். கையில் தூக்கிப் பார்த்துக் கண்டுபிடித்திருக்கலாமே என்று கேட்டால், தேக்கும் ரப்பர் மரமும் ஏறக்குறைய ஒரே எடைதான். தேக்கைச் சீவினால் எண்ணெய்ப் பசையோடு தோல் மாதிரி ஒரு வாசனை வரும், அதை யாராலும் பூச முடியாது என்றார். ஆகவே பாலிஷ் போடுவதற்கு முன்பு பலகையைப் போய்ப் பாருங்கள். அறுத்த முனையையும் பின்பக்கத்தையும் பாருங்கள்.

ரூட்டரைக் கையில் பிடித்து எழுதுவது எப்படி என்று ஒரு வீணான தேக்குத் துண்டில் அவரே ஓட்டிக் காட்டினார். நமக்கு எதிர்ப்பக்கமாகத் தள்ளினால் மிஷின் இடதுபுறம் இழுக்கும். மரத்தின் ரேகையோடு போகும்போது ரேகையிலேயே வழுக்கிக்கொண்டு ஓடும், குறுக்கே போனால் நார் பிய்யும். தமிழ் எழுத்தோ முழுக்க வளைவு, ஒரு சுழிக்குள் இரண்டும் வந்துவிடும். அதனால் ஒரே மூச்சில் ஆழமாக இறக்காமல் இரண்டு மில்லிமீட்டர், மூன்று மில்லிமீட்டர் என்று இரண்டு மூன்று தடவை ஓட்டுகிறார். தயங்கி ஒரே இடத்தில் நின்றால் மரம் கருகுகிறது. தேக்கில் மணல்சத்து உண்டு, அது பிட்டின், அதாவது ரூட்டரில் மாட்டும் வெட்டுமுனையின், கூர்மையைச் சீக்கிரம் தின்றுவிடும், கார்பைடு என்ற மிகக் கடினமான முனை இல்லாமல் இதில் இறங்கக் கூடாது என்றார். அவர் எழுதிய இரண்டு கொம்புகளும் அண்ணன் தம்பி மாதிரி இருந்தன, இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இல்லை. கைவேலையா என்று பார்க்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை. கேட்ட எழுத்தை வெறும் துண்டு மரத்தில் செதுக்குவதை வீடியோ காலில் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் முன்பணம் அனுப்பாதீர்கள்.

கடைக்காரர் இப்போது என் போனை எடுப்பதில்லை. 1915-ல், அதாவது தேசிய நுகர்வோர் உதவி எண்ணில், புகார் பதிந்திருக்கிறேன். பில் இல்லாவிட்டாலும் பணம் அனுப்பிய விவரம், வாட்ஸ்அப் பேச்சு, முதல் பலகையின் படம் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை, 2 ஆண்டு அவகாசமும் இருக்கிறது.

நேற்று இரவு அந்த விளம்பரம் மறுபடியும் என் கண்ணில் பட்டது. அதே வீடியோ, அதே ஆள், அதே ஆங்கில எழுத்து. விலை மட்டும் 7,999.