ஈரச் சுவருக்குப் பெயிண்ட் அடித்து 72,000 வாங்கிப் போனார்கள்

ஐப்பசி மழை ஆரம்பித்ததுமே எங்கள் தெருவில் கேட்டுக்குக் கேட் நோட்டீஸ் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். "வெள்ளம் புகுந்த வீடா? நான்கே நாளில் ஓதம், பூஞ்சை இல்லாத புதுச் சுவர்! 10 வருட கேரண்டி!" போன வருஷம் இதே வாசகத்தை நம்பி ஏமாந்தவள் நான். இந்த மழையில் இன்னொரு வீடு மாட்டக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

சென்னை வேளச்சேரியில் தரைத்தளத்தில் இருக்கிறோம். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மழையில் வீட்டுக்குள் இரண்டடி தண்ணீர். வடிய மூன்று நாள் ஆனது. சாக்கடை கலந்த தண்ணீர் என்பதால் மெத்தை, சோபா, தலையணை எல்லாவற்றையும் தூக்கிப் போட்டோம். தரையைக் கழுவி முடித்தபோது சுவரில் இரண்டடி உயரத்துக்குக் கோடு கிழித்த மாதிரி பழுப்புக் கறை. பொங்கலுக்குள் வீடு பழையபடி ஆகிவிட வேண்டும் என்று மனசு துடித்தது. அந்த அவசரத்தைத்தான் அவர்கள் காசாக்கினார்கள்.

வந்தவர் சுத்தமாக உடுத்தியிருந்தார், பொறுமையாகப் பேசினார். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "மேலாப்ல காய்ஞ்சிடுச்சுக்கா. பூஞ்சைக்கொல்லி மருந்து அடிச்சு, வாட்டர்புரூஃப் கோட்டிங் குடுத்து, பட்டி பார்த்துப் பெயிண்ட் அடிச்சிட்டா வேலை முடிஞ்சுது. இனி ஜென்மத்துக்கும் பூசணம் வராது" என்றார். "உள்ளே ஈரம் இருக்குமே தம்பி?" என்று கேட்டேன். "மருந்து அதை உள்ளேயே கட்டிடும்க்கா" என்றார். அந்தப் பதிலிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். மூன்று அறைக்கு 72,000 ரூபாய் பேசி, பாதி அட்வான்ஸாகவும் மீதி வேலை முடிந்ததும் கொடுத்தோம். சொன்ன மாதிரியே நாலு நாளில் முடித்தார்கள். சுவர் பளபளவென்று இருந்தது. பொங்கல் வைத்தோம், வந்தவர்கள் எல்லாரும் பாராட்டினார்கள்.

பிப்ரவரி கடைசியில் மாமியார் அறையில் ஒரு வாடை. மழையில் நனைந்த சாக்கை மூட்டை கட்டி வைத்த மாதிரி. அவருக்கு ஏற்கெனவே வீசிங் உண்டு. ராத்திரியில் இருமல் அதிகமானது. பனி என்று நினைத்து ஜன்னலைச் சாத்தி வைத்தோம். அது தப்பு என்று பின்னால்தான் புரிந்தது. மார்ச்சில் ஒருநாள் பீரோவைச் சுவரிலிருந்து நகர்த்தினோம். பின்னால் சுவர் முழுக்கக் கறுப்பும் கரும்பச்சையுமாக வட்டம் வட்டமாகப் பூத்திருந்தது, தொட்டால் வெல்வெட் மாதிரி. கொஞ்சம் கீழே பெயிண்ட் ஒரு உள்ளங்கை அகலத்துக்கு உப்பிக்கொண்டு நின்றது. ஊக்கால் குத்தினேன். தண்ணீர் கோடாக வழிந்து ஸ்கர்ட்டிங் வரைக்கும் இறங்கியது. வெள்ளம் வடிந்து மூன்று மாதம் ஆன பிறகு!

போன் செய்தால் முதலில் "வர்றோம்க்கா", அப்புறம் "ஆள் ஊருக்குப் போயிருக்கான்க்கா", அப்புறம் எடுக்கவே இல்லை. கேரண்டி அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எறும்பு சைஸ் எழுத்தில், "கீழிருந்து ஏறும் ஓதம், குழாய்க் கசிவு, வெள்ளத்தால் வரும் பாதிப்புக்குப் பொருந்தாது." வெள்ளம் புகுந்த வீடா என்று கேட்டு நோட்டீஸ் அடித்தவர்கள் கொடுத்த கேரண்டி இது.

என்ன நடந்தது என்பதை எங்களுக்குப் புரியவைத்தவர் பக்கத்துத் தெருவில் இருக்கும் வயதான கொத்தனார். செங்கலும் பூச்சும் விளக்குத் திரி எண்ணெய் குடிப்பது மாதிரி தண்ணீரைக் குடிக்கும். இரண்டடி நின்ற தண்ணீர் சுவருக்குள் மூன்றடிக்கு மேல் ஏறியிருந்தது. அந்த ஈரம் சுவரின் முகம் வழியாகத்தான் ஆவியாகி வெளியே போக வேண்டும். அந்த முகத்தில் வாட்டர்புரூஃப் கோட்டிங்கையும் எமல்ஷன் பெயிண்டையும் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். முக்கால் அடிச் செங்கல் சுவர் முழுசாகக் காய மாதக்கணக்கில் ஆகும் என்றார். நாலு நாள் எந்தக் கணக்கிலும் வராது.

அடித்ததாகச் சொன்ன மருந்து நிஜமான மருந்தாகவே இருந்தாலும் பயன் இருந்திருக்காது. பூஞ்சையின் வித்துகள் எல்லா வீட்டுக் காற்றிலும் எப்போதும் இருக்கின்றன. ஈரம் கிடைத்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் முளைக்க ஆரம்பித்துவிடும். தூசி, மரம், அட்டை, பெயிண்டில் இருக்கும் பசை எல்லாமே அதற்குத் தீனி. இருக்கிற பூஞ்சையை ஒருமுறை கொன்றாலும் சுவர் ஈரமாக இருக்கும்வரை அது திரும்ப வரும். ஈரத்தை விட்டுவிட்டு மருந்துக்கு மட்டும் காசு கேட்பவர் உங்களிடம் உண்மை பேசவில்லை.

பெரியவர் சுவரை நாணயத்தால் தட்டிக்கொண்டே வந்தார். பொத்தென்று சத்தம் வந்த இடமெல்லாம் பூச்சு செங்கலை விட்டிருந்தது. "கறைக் கோட்டுக்கு மேல ஒண்ணரை அடி விட்டுப் பூச்சை உடைங்கம்மா. செங்கல் மூச்சு விடட்டும். கத்திரி வெயில் முடியற வரைக்கும் சுவத்துல கை வைக்காதீங்க" என்றார். உடைக்கும் முன் பூசணத்தை ஈரத்துணியால் துடைத்தெடுத்தோம், என்95 மாஸ்க் போட்டுக்கொண்டு. காய்ந்த பிரஷ்ஷால் சுரண்டினால் வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். மாமியாரை நாத்தனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் தொட்டோம். ஒரு விஷயம், பிளீச்சிங் பவுடரோடு டாய்லெட் ஆசிட்டைக் கலந்து ஊற்றினால் பூசணம் போகும் என்று சிலர் சொல்கிறார்கள். செய்யவே செய்யாதீர்கள். அதிலிருந்து குளோரின் வாயு வரும், மூடிய அறையில் உயிருக்கே ஆபத்து.

ஏப்ரலில் உடைத்தோம். ஃபேனை இரவும் பகலும் ஓடவிட்டோம். எல்லாச் சாமானையும் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளியே வைத்தோம். வெயில் நாளில் ஜன்னல்களை முழுக்கத் திறந்தோம். மழை பெய்து வெளிக்காற்றே ஈரமாக இருக்கும் நாளில் திறந்து வைத்தால் சுவர் காயாது, அப்போது ஜன்னலைச் சாத்திவிட்டு ஏசியை டிரை மோடில் போடுவதுதான் சரி. அறைக்குள் காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டாமல் இருந்தால் பூசணம் பிடிப்பது குறையும். அதைக் காட்டும் சின்னக் கருவி கடையில் கிடைக்கிறது.

நான் வாங்கியதிலேயே உருப்படியானது 1,400 ரூபாய் மாய்ஸ்சர் மீட்டர்தான். இரண்டு ஊசியைச் சுவரில் வைத்தால் எவ்வளவு ஈரம் என்று எண் காட்டும். பெரும்பாலும் மரத்துக்காகச் செய்த கருவி என்பதால் அந்த எண்ணை அப்படியே நம்பக்கூடாது. வெள்ளமே தொடாத மாடிச் சுவரில் முதலில் வைத்துப் பார்த்தேன், அப்புறம் கீழே. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும்வரை காத்திருந்தோம். மீட்டர் இல்லாவிட்டாலும் ஒரு வழி உண்டு. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப்பால் காற்றுப் போகாமல் ஒட்டி, மறுநாள் பிரித்துப் பாருங்கள். தாளின் உள்பக்கம் வியர்த்திருந்தால் சுவர் இன்னும் காயவில்லை. அந்த மனிதர் உள்ளங்கையை வைத்துப் பார்த்த அன்றைக்கு இதைச் செய்திருந்தால் எங்கள் பணமும் அத்தையின் உடம்பும் தப்பித்திருக்கும்.

ஜூனில் பூச்சு வேலை. புதுப் பூச்சை ஒரு மாதம் ஆறவிட்டு, எமல்ஷனுக்குப் பதிலாகச் சுண்ணாம்பு அடித்தோம். அது சுவரின் மூச்சை அடைக்காது, அதன் காரத்தில் பூசணமும் லேசில் பிடிக்காது. பளபளப்பு இல்லை, எனக்கு அது வேண்டவும் வேண்டாம். அத்தை ஆடி மாசம் தன் அறைக்குத் திரும்பி வந்தார். இருமல் நின்றுவிட்டது.

பணத்துக்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். எதுவும் தெரியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் கேளுங்கள். எங்களிடம் முறையான பில் இல்லை, வெறும் எஸ்டிமேட் தாள்தான். பணத்தை யுபிஐயில் அனுப்பியிருந்ததாலும், உடைக்கும் முன் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வைத்திருந்ததாலும்தான் காட்டுவதற்கு ஏதோ இருக்கிறது. ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். ஜிஎஸ்டி பில்லும், கேரண்டி வெள்ளப் பாதிப்புக்கும் உண்டு என்று எழுத்திலும் கேளுங்கள்.

இப்போது செருகியிருக்கும் நோட்டீஸைப் பழைய அட்டையோடு வைத்துப் பார்த்தேன். கம்பெனிப் பெயர் வேறு. கீழே இருக்கும் செல் நம்பர் அதேதான்.