பட்டாம்பூச்சிக் கொடி: மூன்று வருஷம் வளர்த்த பிறகு சொல்கிறேன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அந்த ஒன்றை ஏன் பிடித்துவைத்தேன் என்பது பின்னால் வரும்.

எங்கள் வீடு ஆஸ்திரேலியாவில், குயின்ஸ்லாந்து மாநிலத்தில், கோல்ட் கோஸ்டுக்கு உள்ளே முட்ஜிராபா பக்கம். இங்கே தன்னார்வலர்கள் நடத்தும் சின்ன நாற்றுப்பண்ணையில் ரிச்மண்ட் பேர்ட்விங் பட்டாம்பூச்சியின் புழு தின்னும் கொடி கிடைக்கும். பூச்சியில் ஆண் கறுப்பும் பச்சையும்; பெண் பழுப்பு, அதைவிடப் பெரிசு. ஒரு காலத்தில் மேரிபரோவிலிருந்து கிராஃப்டன் வரை பறந்ததாம். மழைக்காட்டை வெட்டியதில் கொடியும் போனது, பூச்சியும் போனது. 1990களில் டான் சாண்ட்ஸ் என்ற பூச்சியியலாளர் பள்ளிப் பிள்ளைகளை வைத்து இந்தக் கொடியை நட ஆரம்பித்தார். இன்று கொல்லைக்குக் கொல்லை நடுகிறார்கள்.

கல்லாவில் இருந்த பெரியவர், "ஒன்று போதாது, இரண்டாக எடுத்துக்கொள்ளுங்கள். இலை தீர்ந்தால் புழு புழுவையே தின்னும்" என்றார். வியாபாரத் தந்திரம் என்று நினைத்தேன். உண்மைதானாம்.

கன்று நன்றாகவே இருந்தது. நான்தான் வேலியோரம் வெட்டவெயிலில் நட்டு, ஒரே வாரத்தில் இலையைக் கருக்கினேன். திரும்பப் போய்க் கேட்டால், வேர் நிழலில், தலை வெயிலில் என்கிறார். லில்லிபில்லி மரத்தடிக்கு மாற்றினேன். முதல் வருஷம் ஒரு முழம்கூட வளரவில்லை! புடலை போட்டு இரண்டே மாதத்தில் காய் பறித்த கைக்கு இது பெரிய சோதனை.

இப்போது அந்த நட்சத்திரம். தொட்டியில் செருகியிருந்த அட்டையில் பெயரும் "தண்ணீர் விடவும்" என்பதும் மட்டும்தான். டச்சுமேன்ஸ் பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. தென்னமெரிக்க அழகுக்கொடி அது, இதற்குப் பங்காளி. முன்பு இருந்தவர்கள் பின்வேலியில் விட்டுப்போனதை, பூ அழகாக இருக்கிறதே என்று நானும் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன். தாய்ப்பூச்சி ஏமாந்து அதில் முட்டை வைத்துவிடும். பொரிந்த புழு அந்த இலையை ஒரு கடி கடித்தால் சாவு. இரண்டாம் வருஷம் பிப்ரவரியில் இலையைத் திருப்பிப் பார்த்தேன்: தாளிப்பில் கருகிய கடுகு மாதிரி இரண்டு புழுக்கள். அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

வீடியோவில் கொடியைப் பார்த்த அம்மா, "நம்ம ஈஸ்வரமூலி சாடையா இருக்கேடி" என்றாள். அதே குடும்பம்தான். ஆடுதீண்டாப்பாளையும் அப்படியே. ஆடு தொடாத அந்தக் கசப்பைப் புழு தன் உடம்பில் சேர்த்துவைத்துக்கொள்கிறது. பறவை கிட்ட வராது.

பின்வேலிக் கொடியைக் கிழங்கோடு தோண்டினேன். மிச்ச வேர் இன்னும் முளைக்கிறது, இன்னும் பிடுங்குகிறேன். இந்த மார்ச்சில் லில்லிபில்லியில் ஏறிய நல்ல கொடியில் ஒரு புழு: விரல் நீளம், உடம்பெல்லாம் சதைமுள். காலையில் காப்பியோடு போய் நின்றால் ஓரத்திலிருந்து அரைவட்டமாக இலையைத் தின்றுகொண்டிருக்கும். பத்து நாளில் பாதிக் கொடி மொட்டை. கணவர் மருந்தடிக்கலாமா என்று கேட்டார். முறைத்தேன்.

வாங்கப் போகிறவர்கள் காலையிலேயே போங்கள், மத்தியானம் மூடிவிடுவார்கள். கார்டு எடுக்க மாட்டார்கள், சில்லறையாக வைத்துக்கொள்ளுங்கள். டச்சுமேன்ஸ் பைப் படம் ஒன்றை எடுத்துக்காட்டச் சொல்லி, வீட்டில் இருக்கிறதா பார்த்துவிட்டு நடுங்கள்.