உப்புவெளியில் இரண்டு நாள்: மேற்பார்வையாளர்களுக்கான செயலாற்றுகை மதிப்பீட்டுப் பயிற்சி

திருகோணமலை நகருக்கு வெளியே உள்ள ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் தையல் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். கொழும்பிலிருந்து வந்த ஒரு பயிற்சி நிறுவனம், உப்புவெளி விடுதி ஒன்றில் நடத்திய இரண்டு நாள் பயிற்சிக்கு எங்கள் மேற்பார்வையாளர்கள் நால்வருடன் நானும் போயிருந்தேன். கையேடும் மதிய உணவும் உட்பட ஆளுக்கு 18,500 ரூபா. லைனில், அதாவது தையல் வரிசையில், ஏதாவது மாறுகிறதா என்று பார்த்துவிட்டு எழுதலாம் என்று நான்கு மாதம் பொறுத்திருந்தேன்.

முதல் நாள் கொடுத்த காசுக்கு மேலேயே பெறுமதியானது. கடந்த ஆண்டு தொழிலாளிகளுக்குப் புள்ளியிட்டு நாங்கள் நிரப்பிய மதிப்பீட்டுப் படிவங்களைப் பெயர் மறைத்துக் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். பயிற்றுநர் அவற்றில் ஒன்றை எடுத்து, "தரத்துக்கு 5இல் 2 போட்டிருக்கிறீர்கள், எந்த மாதத்தில் என்ன நடந்தது?" என்று கேட்டார். அதை நிரப்பிய எங்கள் மேற்பார்வையாளருக்கு நவம்பர் கடைசியில் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்த ஒரு பண்டில் கொலரைத் தவிர வேறொன்றும் நினைவுக்கு வரவில்லை. ஜனவரியிலிருந்து அந்தப் படிவத்துக்குரிய தையல் பிள்ளை எப்படித் தைத்தாள் என்பதற்கு அவரிடம் ஒரு வரிக் குறிப்புக்கூட இல்லை. டிசம்பரில் படிவம் நிரப்புகிறவர்களுக்கு நவம்பர் மட்டும் பெரிதாகத் தெரிவது உலகெங்கும் உள்ள குறைதான். ஆனால் நமது ஊரில் நவம்பரும் டிசம்பரும் மாரிகாலம். மூதூரிலிருந்து வரும் பஸ் மழைக்குப் பிந்தும் மாதங்கள். அந்த பஸ்ஸில் வருகிறவர்களுக்கு வருகைப் புள்ளி ஆண்டுதோறும் ஏன் குறைகிறது என்பது எனக்கு அன்றுதான் உறைத்தது. பஸ்ஸை ஒழுங்கு செய்வது நிறுவனம், பிந்தியதற்குப் புள்ளி இழப்பது ஊழியர்.

அடுத்து, ஒரு குணத்தில் நல்லவராகத் தெரிகிறவருக்கு எல்லாக் குணங்களிலும் அள்ளிப் போடும் வழக்கத்தை எடுத்துக்கொண்டார்கள். உளவியலாளர் தோர்ன்டைக் 1920இலேயே, இராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழ் இருந்தவர்களுக்கு இட்ட மதிப்பீடுகளைக் கொண்டு இதைக் காட்டியிருக்கிறார். எங்கள் படிவங்களிலும் முகம் பார்த்துச் சிரிப்பவர்களுக்குத் தையலும் நன்றாகவே இருந்தது! இதற்கு மருந்தாக ஆளுக்கொரு சிறிய கொப்பி தந்து, ஒவ்வொரு தொழிலாளியைப் பற்றியும் வாரத்துக்கு ஒரு வரி, நடந்ததை மட்டும் திகதியுடன் எழுதச் சொன்னார்கள். "சோம்பல்" என்று எழுதக்கூடாது. "செவ்வாய் காலை ஊசி உடைந்து 40 நிமிடம் மெக்கானிக்குக்காகக் காத்திருந்தார்" என்று எழுத வேண்டும்.

இரண்டாம் நாள் அவ்வளவுக்கு இல்லை. பாதி நாள், அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் அதன் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் புகழ் பெறச் செய்த 20-70-10 முறைக்குப் போய்விட்டது. ஊழியர்களை இந்தச் சதவீதங்களில் மேல், நடு, அடி என்று கட்டாயமாகப் பிரிப்பது அது. முப்பது பேர் உள்ள ஒரு லைனில் ஆறு பேர் மேலே, இருபத்தொரு பேர் நடுவில், மூன்று பேர் கட்டாயம் அடியில். முப்பது பேரும் டார்கெட்டை முடித்தாலும் அந்த மூவரை எங்காவது தேடிப் பிடிக்க வேண்டும். மைக்ரோசொப்ட் இப்படியான வரிசைப்படுத்தலை 2013இல் கைவிட்டதைப் பயிற்றுநர் சொல்லவில்லை; ஒருவர் கேட்டபோதும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போனார். ஒருவர் தைத்து முடித்த துண்டை அடுத்தவர் வாங்கித் தொடரும் தொழிலில், பக்கத்து மெசின்காரியைப் போட்டியாளராக்கினால் புதிதாக வந்த பிள்ளைக்கு யார் கை பிடித்துச் சொல்லிக் கொடுப்பார்கள்?

ஒருவரின் வேலையைப் பற்றி அவரிடம் கருத்துச் சொல்வதால் மட்டும் வேலை முன்னேறிவிடும் என்ற தொனியும் அன்று முழுவதும் இருந்தது. குளுகர், டெனிசி என்ற ஆய்வாளர்கள் இருவர் பல ஆய்வுகளைத் தொகுத்து 1996இல் வெளியிட்ட ஆய்வின்படி, கருத்துரை சராசரியாகச் செயலாற்றுகையை உயர்த்தினாலும், மூன்றில் ஒன்றுக்கு மேற்பட்ட தருணங்களில் அதைக் குறைத்திருக்கிறது. கவனம் வேலையை விட்டு "நான் எப்படிப்பட்டவள்" என்பதற்குத் திரும்பும்போது கை தளர்கிறது என்பது அவர்களின் விளக்கம். ஆளைப் பற்றி எழுதாமல் நடந்ததை மட்டும் எழுதச் சொன்ன, முதல் நாள் தந்த கொப்பியின் அருமை இதில்தான் இருக்கிறது. அந்த இணைப்பை அவர்களே கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

தமிழ்ப் படிவத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆங்கிலத்திலிருந்து சொல்லுக்குச் சொல் பெயர்த்திருந்தார்கள். "எதிர்பார்ப்புகளைச் சந்திக்கிறார்" என்ற வரியைப் படித்துவிட்டு எங்கள் ஓப்பரேட்டர் ஒருத்தி, "நான் ஆரைச் சந்திக்கிறன் சேர்?" என்று கேட்டாள். அந்த வரியை "சொன்ன அளவுக்குச் செய்கிறார்" என்று நாங்களே மாற்றிக்கொண்டோம். சிங்களப் படிவம் இதைவிடக் கவனமாகச் செய்யப்பட்டிருந்ததாக உடன் வந்த சக ஊழியர் சொன்னார்.

இனி, லைனில் நடந்தது. நால்வரில் இருவர் கொப்பியைத் தொடர்ந்து எழுதுகிறார்கள்; ஒருவர் இரண்டாம் வாரத்தோடு விட்டுவிட்டார்; மற்றவர் மாதக் கடைசியில் உட்கார்ந்து நான்கு வாரத்தையும் ஒன்றாக எழுதுகிறார், அது பயனற்றது. எழுதுகிற இருவரின் லைன்களில், பிழைத்த துண்டை பண்டிலின் அடியில் ஒளித்து அனுப்பும் பழக்கம் குறைந்திருக்கிறது; பட்டன் துளை மெசின் நூலை இழுக்கிறது என்று ஓப்பரேட்டர்களே முன்கூட்டி வந்து சொல்கிறார்கள். முன்பு அப்படிச் சொன்னால் அது தன் பெயரில்தான் விழும் என்று பயந்தார்கள். ஆண்டு மதிப்பீட்டை முகாமைத்துவத்தின் கொடிய நோய்களுள் ஒன்றாகத் தர முகாமைத்துவ அறிஞர் டெமிங் ஏன் எண்ணினார் என்பது இந்தப் பயத்தைப் பார்த்தவர்களுக்கு விளங்கும்.

கொப்பிகளைப் புரட்டியபோது இன்னொன்றும் தெரிந்தது. தாமதங்களில் பெரும்பாலானவை கட்டிங் பிரிவிலிருந்து துணி வராததாலும் மெக்கானிக் வராததாலும் ஏற்பட்டவை. தையல்காரியின் படிவத்தில் அவற்றுக்கு ஒரு கட்டமும் இல்லை. முகாமையாளரின் படிவத்தில் இருக்க வேண்டியவை அவை. அந்தப் பக்கத்துக்குப் பயிற்சி வரவேயில்லை.

விடுதியின் மதியச் சாப்பாடு, குறிப்பாகப் பாரை மீன் குழம்பு, நன்றாக இருந்தது. கடலுக்கு எதிரே இருந்த மண்டபத்தில் ஒலிவாங்கிதான் இரண்டு நாளும் கரகரத்தது.

மேற்பார்வையாளர்களை அனுப்ப நினைப்பவர்கள் முதல் நாளுக்குத் தாராளமாக அனுப்பலாம். எங்களிடம் இன்னும் ஆறு பேர் மீதம் இருப்பதால், முதல் நாளுக்கு மட்டும் கட்டணம் கட்ட முடியுமா என்று கேட்டு அந்த நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.