காலிப்பர் பெயிண்ட் கிட் வாங்கப் போறீங்களா? அரை மாசச் சம்பளம் போன கதையைப் படிச்சிட்டு வாங்குங்க

கோபத்துலதான் எழுதறேன், பிழை இருந்தா பொறுத்துக்கங்க. வண்டி நேத்து சாயந்திரம்தான் ஒர்க்‌ஷாப்ல இருந்து வந்துச்சு. பில்லைப் பார்த்ததுல இருந்து தூக்கம் இல்லை. பிரேக் காலிப்பருக்கு (வீலோட சுத்தற டிஸ்க்கை ரெண்டு பேட் வச்சுக் கவ்விப் பிடிச்சு வண்டியை நிறுத்தற பாகம்) வீட்டுலயே சிவப்பு அடிச்சு அழகு பார்க்கலாம்னு ஆசைப்பட்டதுக்கு, கிட்டும் ரிப்பேருமா சேர்த்து அரை மாசச் சம்பளம் காலி. போலி கிட்டை எப்படிக் கண்டுபிடிக்கறது, எப்படிப் பார்த்து வாங்கறதுன்னு கடைசியில படிப்படியா எழுதறேன். முதல்ல நடந்ததைக் கொட்டிடறேன், இல்லைன்னா நெஞ்சு வெடிச்சிடும்.

வண்டிக்குப் புது அலாய் வீல் மாட்டினேன். அதுதான் ஆரம்பம். பழைய வீல்ல கப் மூடியிருந்ததால உள்ளே இருந்தது கண்ணுல படலை. அலாய் போட்டதும் அஞ்சு கம்பிக்கு நடுவுல காலிப்பர் துருப்பிடிச்ச அம்மிக்கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கு. வார்ப்பிரும்பு, ஒரு மழை பட்டாலே துரு பூக்கும். பிரேக்குக்கு அதனால ஒண்ணும் ஆகாது, பார்க்கத்தான் அசிங்கம். அப்படியே விட்டிருக்கலாம். விடலை.

எல்லா சாமானும் விக்கற ஒரு பெரிய ஆன்லைன் தளம். பேர் போடலை, போட்டா பதிவையே தூக்கிடுவாங்க. அதுல கார் சாமான் மட்டும் விக்கற ஒரு கடைக்காரன். ‘ரெண்டு பாகம் கலக்கற எபாக்ஸி, 480 டிகிரி செல்சியஸ் சூடு தாங்கும், பிரஷ்ல அடிச்சாலும் கோடு தெரியாது’ன்னு போட்டிருந்தான். வாங்கறதுக்கு முன்னாடி சாட்ல பேசினேன். நான் ஏமாந்த இடம் இதுதான், அதனால கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

எனக்கு மஞ்சள்தான் பிடிச்சிருந்தது. மஞ்சள் இருக்கான்னு கேட்டேன். இல்லைன்னு சொல்லிட்டுப் போயிருக்கலாம். அவன் என்ன எழுதினான் தெரியுமா? ‘சார், மஞ்சள் வேண்டாம். போர்ஷேல மஞ்சள் காலிப்பர்னா செராமிக் டிஸ்க் போட்ட வண்டின்னு அர்த்தம். சாதா டிஸ்க் வண்டிக்கு மஞ்சள் அடிச்சா விஷயம் தெரிஞ்சவங்க சிரிப்பாங்க. சிவப்பு அடிங்க, பிரெம்போ கம்பெனி பிரேக் மாதிரி கம்பீரமா இருக்கும்.’ நான் அங்கேயே உருகிட்டேன். வியாபாரத்தை விட என் மானத்தைப் பத்திக் கவலைப்படற மனுஷன்!

அதோட விட்டானா? ‘காலிப்பரைக் கழட்டினா பிரேக் ஆயில் ஹோஸ்ல தொங்க விடாதீங்க சார், உள்ளுக்குள்ளயே கிழியும். கம்பி போட்டு ஸ்பிரிங்ல கட்டி வைங்க. ஹோஸ் போல்ட்டைத் தொடவே தொடாதீங்க, காத்து ஏறிடும்.’ ஒவ்வொரு வார்த்தையும் சரி. இன்னிக்கும் அதுல குத்தம் சொல்ல முடியாது. ஏமாத்தறவன் இவ்வளவு நல்ல புத்தி சொல்லுவானான்னு நினைச்சேன். சொல்லுவான். இவனுக்கு வேலை நல்லாத் தெரிஞ்சிருக்கு. டப்பாக்குள்ள என்ன இருக்குன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கு.

பணம் கட்டினேன். பெட்டி வந்த அன்னிக்கே ‘5 நட்சத்திரம் போடுங்க சார், அடுத்த ஆர்டருக்குத் தள்ளுபடி’ன்னான். பெட்டியைப் பிரிக்கறதுக்கு முன்னாடியே போட்டேன். ஆமாம், பிரிக்கறதுக்கு முன்னாடி. திட்டறவங்க திட்டிக்கங்க, வீட்டுல ஏற்கெனவே திட்டியாச்சு.

உள்ளே ஒரு சின்னத் தகர டப்பா, ‘ஹார்டனர்’னு ஒரு பாட்டில், ‘கிளீனர்’னு ஒரு பாட்டில், ரெண்டு பிரஷ், ஒரு காகிதம். கிளீனரைத் திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை குப்புன்னு அடிச்சது. விரல்ல தொட்டுத் தேய்ச்சேன், பிசுபிசுப்பு போகவே இல்லை. நல்ல பிரேக் கிளீனர் கையில பட்டா சில்லுன்னு இருக்கும், அடுத்த நிமிஷம் தடமே இருக்காது. இது எனக்குத் தெரியும். தெரிஞ்சும் ‘அவரே அனுப்பியிருக்கார், ஏதோ ஸ்பெஷல் போல’ன்னு எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கிட்டேன்.

சனிக்கிழமை வேலையை ஆரம்பிச்சேன். வண்டியைத் தூக்கி ஸ்டாண்டு வச்சு, வீலைக் கழட்டி, கம்பி பிரஷ் போட்டுத் தோள்பட்டை கழண்டு விழற வரைக்கும் தேய்ச்சேன். பிளீடர் நிப்பிளுக்கு (பிரேக் ஆயில்ல ஏறின காத்தை வெளியேத்தற சின்னத் திருகு) டேப் சுத்தினேன், டிஸ்க்குக்குப் பேப்பர் போர்த்தினேன். ‘கிளீனரைத் தாராளமாக ஊற்றி அரை மணி நேரம் ஊற விடவும்’னு காகிதத்துல இருந்தது. ஊத்தினேன், ஊற விட்டேன். ‘பிராக்கெட் உட்பட முழுவதும் பூசவும்’னு இருந்தது. பிராக்கெட்னா காலிப்பரையும் பேடையும் தாங்கற சட்டம். பூசினேன். மூணு கோட். பளபளன்னு கண்ணைப் பறிச்சது.

மறுநாள் காலையில ஒண்ணு பார்த்தேன். ஹார்டனர் கலந்து மிச்சம் வச்சிருந்த கப்புல மேலே பாலாடை மாதிரி ஒரு தோல் கட்டியிருந்தது. குச்சியால குத்தினா உள்ளே தண்ணியா இருக்கு. கலந்த எபாக்ஸி ஒரு ராத்திரி கப்புல கிடந்தா கல்லு மாதிரி இறுகியிருக்கணும், குச்சியே இறங்காது. காத்து பட்ட இடம் மட்டும் தோல் கட்டறது சாதா எனாமலோட குணம். இது இப்பத் தெரியுது. அன்னிக்குக் கப்பைத் தூக்கிக் குப்பையில போட்டுட்டு, வண்டியை நாலு கோணத்துல போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்பிட்டு இருந்தேன்.

மூணு நாள் ஓட்டினேன், ஒண்ணும் இல்லை. நாலாம் நாள் வண்டி லேசா இடது பக்கம் இழுத்தது. காத்து குறைவுன்னு நினைச்சேன். அப்புறம் ஒரு கருகல் நாத்தம். முன்னாடி போற லாரியில இருந்து வருதுன்னு நினைச்சேன். மனுஷனுக்குத் தன் வண்டி மேல சந்தேகமே வராது பாருங்க. ஒரு இறக்கத்துல பெடல் வழக்கத்தை விட ஆழமா இறங்கினப்பதான் வயித்தைக் கலக்குச்சு. மெதுவா ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தா, இடது முன் வீல் பக்கத்துல கையே கொண்டு போக முடியலை. அனல். என் அழகுச் சிவப்பு கொப்புளம் கொப்புளமா, கருகின அப்பளம் மாதிரி நிக்குது. ஒரு பக்கம் பெயிண்ட் இளகி டிஸ்க் ஓரத்துல கோடா இழுத்திருக்கு.

மெக்கானிக் அண்ணன் கழட்டிக் காட்டினார். பிஸ்டனைச் சுத்தி இருக்கற ரப்பர் டஸ்ட் பூட் ஊறின பணியாரம் மாதிரி உப்பி, காடியை விட்டு வெளியே வந்து மடங்கிக் கிடந்தது. ‘தம்பி, இதுல என்ன ஊத்தினே?’ன்னார். கிளீனர் பாட்டிலைக் காட்டினேன். மூடியைத் திறந்து ஒரு தடவை மோந்து பார்த்தார், ஒண்ணும் பேசாம மூடிக் கீழே வச்சார். அந்த மௌனத்துக்கே பாதி உயிர் போச்சு.

அப்புறம் விளக்கினார். பிரேக் ஆயிலோட காலம் பூரா கிடக்கறதுக்குன்னே போடற ரப்பர் அது, இபிடிஎம்னு பேர். பெட்ரோல், மண்ணெண்ணெய் வகையறா பட்டா உப்பிடும். உள்ளே பிஸ்டனைப் பிடிச்சிருக்கற சதுர சீலும் அதே சாதி. பெடலை மிதிச்சா அந்த சீல் பிஸ்டனோட சேர்ந்து துளி முறுகும், காலை எடுத்தா நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை பின்னாடி இழுக்கும். அதுக்குன்னு தனி ஸ்பிரிங் எதுவும் கிடையாது. சீல் கெட்டா பிஸ்டன் போன இடத்துலயே நிக்கும், பேட் டிஸ்க்கை உரசிக்கிட்டே வரும். போதாததுக்கு, பேட்டோட காது நகர வேண்டிய பிராக்கெட் காடியில மூணு கோட் பெயிண்ட். பேட் அங்கேயே இறுகிடுச்சு. பெடல் ஏன் இறங்குச்சுன்னு கேட்டேன். டாட் 4ங்கற வகை பிரேக் ஆயில் புதுசுன்னா 230 டிகிரிக்குக் குறைஞ்சு கொதிக்காது. ஆனா அது காத்துல இருக்கற ஈரத்தைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். நல்லா ஈரம் ஏறிட்டா 155 டிகிரியிலயே ஆவியாகலாம். ஆவியை அழுத்தினா பெடல் தரைக்குப் போகும். ‘இன்னும் ரெண்டு இறக்கம் போயிருந்தா பிரேக்கே இருந்திருக்காது’ன்னார். வீட்டுல இதை நான் இன்னும் சொல்லலை.

கடைசியா, கொப்புளம் வராத வலது காலிப்பர் மேல ஒரு சொட்டு பிரேக் ஆயில் விட்டார். டீ குடிச்சிட்டு வந்து துணியால துடைச்சார். துணி பூரா சிவப்பு, அடியில வெறும் இரும்பு. டப்பாவைக் கேட்டு வாங்கினார். ஸ்டிக்கரோட ஒரு மூலை தூக்கியிருந்தது. நகத்தால கிளப்பினார். 480 டிகிரி எழுதின ஸ்டிக்கர் அப்படியே உரிஞ்சு வந்தது, அடியில டப்பாவோட சொந்த அச்சு: ‘இரும்பு, மரக் கதவு ஜன்னல்களுக்கு’.

கதவுக்கு அடிக்கற பெயிண்ட்! அதைத்தான் நான் பிரேக்குக்கு அடிச்சிருக்கேன்!

ரெண்டு முன் டிஸ்க்கும் புதுசு (இடது நீலம் பாரிச்சிடுச்சு, ஒண்ணை மட்டும் மாத்த முடியாது), பேட் செட் புதுசு, ரெண்டு காலிப்பருக்கும் சீல் கிட், ஆயில் மாத்தி காத்து எடுத்தது, பெயிண்டைச் சுரண்டினது, கூலி. மொத்தம் அரை மாசச் சம்பளம். பின்னாடி டிரம் பிரேக், அதுக்கும் மிச்சத்தை அடிக்கலாம்னு இருந்தேன். கை வலிச்சதால விட்டேன். அந்த வலிக்குக் கோயில் கட்டணும்.

இனி கடைக்காரன் கதை. ஸ்டிக்கர் உரிச்ச போட்டோவை அனுப்பினேன். பார்த்துட்டான், பதில் இல்லை. போர்ஷே பத்தி ராத்திரி பதினொரு மணிக்குப் பாடம் எடுத்தவனுக்கு இப்ப ரெண்டு நாள் ஆச்சு வாயைத் திறக்க. ‘கலந்த அளவு தப்பா இருக்கும் சார்.’ கதவு பெயிண்ட்ல என்னத்தைக் கலந்தா எபாக்ஸி ஆகும்? கேட்டேன். ‘ஏழு நாள் வண்டி எடுக்கக் கூடாது சார், நீங்க அவசரப்பட்டுட்டீங்க.’ அவன் காகிதத்துலயே 24 மணி நேரம்னு இருக்கு. அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். ‘வேற யாருமே கம்ப்ளெயின்ட் பண்ணலை சார்.’ அதோட சரி, என்னை பிளாக் பண்ணிட்டான்.

தளத்துக்காரங்க இன்னும் மேல. முதல்ல ரோபோ. அப்புறம் ஆள். ஒவ்வொரு தடவையும் வேற ஆள், ஒவ்வொரு தடவையும் ‘உங்கள் பிரச்சினை என்ன சார்?’னு முதல்ல இருந்து. ஒருத்தர் பெட்டி பிரிச்ச வீடியோ கேட்டார். பெயிண்ட் டப்பாவைப் பிரிக்க யாருங்க வீடியோ எடுப்பா? இன்னொருத்தர், ‘திறக்கப்பட்ட திரவப் பொருளைத் திரும்பப் பெற இயலாது’ன்னார். திறக்காம எப்படி அடிக்கறது? மூணாவது ஆள் போட்ட போடுதான் பெரிசு: ‘இந்தப் பொருளுக்கு நீங்களே 5 நட்சத்திரம் கொடுத்திருக்கிறீர்களே சார்.’ வாயடைச்சுப் போச்சு. கடைசியா நல்லெண்ண அடிப்படையில ஒரு கூப்பன் தர்றாங்களாம், கிட் விலையில கால் பங்கு கூட வராது, அதையும் அங்கேயே செலவு பண்ணணுமாம். போனது அரை மாசச் சம்பளம்யா!

சரி, படிப்படியா எழுதறேன்னு சொன்னேன். அதுக்கெல்லாம் இப்பப் பொறுமை இல்லை. அவசரத்துக்கு இதைப் பிடிச்சுக்கங்க: டப்பா வந்ததும் ஸ்டிக்கரைக் கிளப்பிப் பாருங்க. ஒரு தகரத்துண்டுல அடிச்சுக் காய வச்சு மேலே ஒரு சொட்டு பிரேக் ஆயில் விடுங்க, இளகினா வண்டிப் பக்கமே கொண்டு போகாதீங்க. ரப்பர் பக்கத்துல பிரேக் கிளீனர் தவிர வேற எதையும் ஊத்தாதீங்க. பேட் நகர்ற காடி, ஸ்லைட் பின் (காலிப்பர் முன்னப் பின்ன நகர்ற கம்பி), பிளீடர் நிப்பிள், டிஸ்க், எதுலயும் பெயிண்ட் படக்கூடாது. பிஸ்டனை உள்ளே தள்ளியிருந்தா வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி பெடலை இறுகற வரைக்கும் மிதிங்க. பெட்டியைப் பிரிக்காம நட்சத்திரம் போடாதீங்க. அவ்வளவுதான் இப்ப ஞாபகம் வருது.

இதை டைப் பண்ணிட்டு இருக்கும்போதே தளத்துல இருந்து செய்தி: ‘உங்கள் புகார் தீர்த்து வைக்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?’ அந்தக் கடைப் பக்கத்தை இன்னொரு போன்ல இருந்து திறந்து பார்த்தேன். கிட் இன்னும் வித்துக்கிட்டுதான் இருக்கு. மேலே ‘புது வரவு’ன்னு ஒரு பட்டை. மஞ்சள்.