ஏழு ஆண்டாக என் தூண்டில் பையில் இருக்கும் அளவுப் பலகை

கொல்லங்கோட்டில் வள்ளம் பழுது பார்க்கும் ஆசாரி ஒருவர் 2018இல் செய்து கொடுத்த அயனி மரப் பலகை அது. நீளம் 60 சென்டிமீட்டர், அகலம் ஒரு சாண். ஒரு முனையில் மீனின் வாய் முட்டி நிற்பதற்கு ஒரு குறுக்குக் கட்டை. எண்களை எழுதாமல், பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஆறு கோடுகள் சுட்டு வாங்கினேன். சாளைக்கு (மத்தி) 10, கிளிமீனுக்கு 12, அயிலைக்கு (கானாங்கெளுத்தி) 14, சூரைக்கு 31, வாளைக்கு 46, நெய்மீனுக்கு (வஞ்சிரம்) 50. கேரள அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்சப் பிடி அளவுகளில், என் கைக்கு அடிக்கடி வரும் மீன்களுக்கு உரியவை இவை. வாரம் ஒருமுறையாவது கடலுக்குப் போகிறவன் நான். இந்தப் பலகையைத் தொடாத நாள் அநேகமாகக் கிடையாது. ஏழு ஆண்டு பயன்படுத்தியதில் தெரிந்துகொண்டதை, தூண்டில் பிடிக்கும் மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிட வேண்டும். குமரி மாவட்டத்து நீரோடியில் தமிழ்நாட்டுக் கடற்கரை முடிகிறது. அடுத்த எட்டு பொழியூர், கேரளம். மணல் ஒன்று, அலை ஒன்று, இரு பக்கமும் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்தே இருக்கும். நாங்கள் தூண்டில் வளைவு என்கிறோம், அவர்கள் புலிமுட்டு என்கிறார்கள். இரண்டும் கடலுக்குள் கொட்டிய அதே கல்தான். ஆனால் சட்டம் வேறு. எங்கள் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை, 61 நாள். கேரளத்தில் இழுவைப் படகுகளுக்கு ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை, 52 நாள். இதே குமரி மாவட்டத்தின் கிழக்குக் கரையிலோ ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. சனிக்கிழமை இந்தப் பக்கம் தேங்காய்ப்பட்டணம், ஞாயிற்றுக்கிழமை அந்தப் பக்கம் பூவாறு என்று போகிற என்னைப் போன்றவனுக்கு, எந்தக் கரையில் எந்த விதி என்ற குழப்பம் முதல் நாளிலிருந்தே உண்டு. இரண்டில் எது கடுமையோ அதையே இரு பக்கமும் கடைப்பிடிப்பது என்று 2018இல் முடிவு செய்தேன். அந்த முடிவுக்காகச் செய்ததுதான் பலகை.

கேரளத்தின் அளவு விதி ஒரே நாளில் வந்ததில்லை. கொச்சியிலுள்ள மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் 58 இனங்களுக்கு அளவு பரிந்துரைத்தது. 2015இல் 14 இனங்களுக்கு அரசு அதைச் சட்டமாக்கியது. 2017இல் மேலும் 44 இனங்களைச் சேர்த்தது. இந்தியாவில் இதை முதலில் செய்த மாநிலம் அதுதான். படகுகளையும் மீன்பிடித் துறைமுகங்களையும் மனத்தில் வைத்து எழுதிய விதி. கரையில் நின்று ஒற்றைத் தூண்டில் வீசுகிறவனைப் பற்றி அதில் தனியாகப் பேச்சில்லை. ஆனால் கொக்கியில் மாட்டிய 12 சென்டிமீட்டர் அயிலையும் வலையில் மாட்டிய 12 சென்டிமீட்டர் அயிலையும் ஒரே வயதுக் குஞ்சுகள்தாம்.

பலகைக்கு முன்னால், நீளக் கோடுகள் அச்சிட்ட ஒட்டும் பட்டை ஒன்றை வாங்கி ஐஸ் பெட்டியின் மூடியில் ஒட்டியிருந்தேன். வாங்காதீர்கள். ஆறே மாதத்தில் வெயிலும் உப்பும் எண்களை அழித்துவிட்டன. அதைவிடப் பெரிய குறை, மூடி சற்றே வளைந்திருக்கும். வளைந்த பரப்பில் கிடத்திய மீன் உண்மை நீளத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். 14 என்று நினைத்து எடுத்து வந்த அயிலைகளை வீட்டில் தரையில் வைத்து அளந்தபோது 13 சொச்சம் இருந்தன. அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

எங்கிருந்து எதுவரை அளப்பது என்பதில் பலர் தவறு செய்கிறார்கள். அயிலை, சாளை, கிளிமீன், வாளைக்கு வாய் நுனியிலிருந்து வால் நுனி வரை முழு நீளம். சூரைக்கும் நெய்மீனுக்கும் வாலின் கவை வரை மட்டும், அதாவது வால் இரண்டாகப் பிரியும் குழிவு வரை. நெய்மீனை வால் நுனி வரை அளந்தால் சில சென்டிமீட்டர் கூடிவிடும். சட்டத்துக்குப் புறம்பான மீன் சட்டத்துக்குள் வந்துவிட்டதாகத் தோன்றும். கணவாய்க்கு கைகளை விட்டுவிட்டு உடல் உறையின் முதுகு நீளத்தை மட்டும் பார்க்க வேண்டும். இதற்காக என் பலகையில் 31, 50 ஆகிய இரண்டு கோடுகளின் நுனியிலும் ஆசாரியைக் கொண்டு சிறு கவை ஒன்றைச் சுட வைத்தேன். இருட்டில் விரலால் தடவினாலே தெரியும். இந்தப் பலகையில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கவைகள்தாம்.

வாளைதான் தொல்லை. வால் நூலாகக் குறுகிப் போகும் மீன் அது. அந்த நூல் பெரும்பாலும் வேறு மீன் கடித்து அறுந்திருக்கும். அறுந்த வாளை 44 காட்டினால் என்ன செய்வது? நான் விட்டுவிடுகிறேன். பல்லுக்குப் பயந்து அவசரமாக அளப்பதும் கூடாது. ஈரத் துணியால் தலைக்குப் பின்னால் பிடித்துப் பலகையோடு சேர்த்து அமர்த்தினால் இரண்டு நொடியில் வேலை முடியும்.

சாளைக்கு ஏன் கோடு, அது தூண்டிலில் அபூர்வமாகத்தானே மாட்டும் என்று கேட்பார்கள். அது இரைக்காக. காலையில் கடப்புறத்தில் இரைக்குச் சாளை வாங்கும்போது பலகையை எடுத்து இரண்டு மூன்றை வைத்துப் பார்ப்பேன். 10க்குக் கீழே இருந்தால் வாங்குவதில்லை. இதில் எனக்குத் தனி வலி உண்டு. கேரளத்தில் 2012இல் 3.9 லட்சம் டன் கிடைத்த சாளை, 2021இல் வெறும் 3,297 டன்னாக விழுந்தது. கடல் சூடானதும் காரணம், குஞ்சுகளை அள்ளியதும் காரணம். ஏழை வீட்டுக் குழம்புச் சட்டியில் அன்றாடம் கிடந்த மீன் இல்லாமல் போன அந்த ஆண்டுகளை இந்தக் கரையில் யாரும் மறக்க மாட்டார்கள். சாளை முதல் முறை முட்டையிடும் பருவத்தை எட்டுவது ஏறத்தாழ 15 சென்டிமீட்டரில். சட்டம் கேட்பது 10தான். அதையும் தாண்டிக் கீழே போய், இரைக்காக மட்டும் குஞ்சுகளை வாங்க எனக்கு மனம் வரவில்லை.

மறுபக்கம், கிளிமீனில் பலன் தெரிந்திருக்கிறது. அளவு விதி வந்தபின் கேரளத்தில் கிளிமீன் பிடி 41 விழுக்காடு கூடியதாக அதே ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வு சொல்கிறது. நண்பரின் வள்ளத்தில் போகும் நாட்களில் எனக்குக் கிடைக்கும் கிளிமீன்களும் 12 கோட்டை வசதியாகத் தாண்டுகின்றன. என் ஒருவனின் தூண்டிலை வைத்து ஆய்வு முடிவை உறுதி செய்ய முடியாதுதான். ஆனாலும் அந்தக் கோட்டைத் தாண்டி வால் கிடக்கும்போதெல்லாம் மனம் நிறைகிறது.

அளப்பதைவிடக் கடினமான வேலை, அளவு குறைந்த மீனை உயிரோடு திருப்பி அனுப்புவது. வெயிலில் காய்ந்த பலகையில் மீனை வைத்தால் அதன் மேலுள்ள வழுவழுப்பு உரிந்துபோகும். அது போனால் புண் பிடித்துச் சாகும். எனவே ஒவ்வொரு முறையும் பலகையைக் கடல்நீரில் நனைத்துவிட்டு வைக்கிறேன். தூண்டில் வளைவின் மேலிருந்து வீசினால் கீழே கல்லிலோ கான்கிரீட் கட்டையிலோ அடிபடும். முதல் ஆண்டில் நானும் அப்படி வீசியிருக்கிறேன். சட்டத்தை மதித்துவிட்டதாக நினைத்துத் திரும்பியபோது, மல்லாந்து மிதந்த மீனைச் செம்பருந்து தூக்கிப்போனது. அதன்பின் கயிறு கட்டிய வாளி ஒன்று வைத்திருக்கிறேன். நீரோடு மீனை இறக்கிவிட்டு வாளியைச் சாய்ப்பேன். கொக்கியின் முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் கழற்றுவது எளிது. நழுவிப் போகும் மீன்கள் சில கூடும், பரவாயில்லை. கொக்கியை விழுங்கிய சிறு மீனிலிருந்து கொக்கியைப் பிடுங்காமல், தூண்டில் நரம்பை வாயருகே வெட்டிவிடுகிறேன்.

இனி, பலகையால் ஆகாத காரியம். அது நீளத்தைச் சொல்லும், எண்ணிக்கையைச் சொல்லாது. 2019 செப்டம்பரில் ஒரு காலை, தேங்காய்ப்பட்டணத்தில் அயிலைக் கூட்டம் கரையை ஒட்டி வந்தது. இறகு கட்டிய ஆறு கொக்கிகளைப் போட்டால் ஆறிலும் மீன். எல்லாம் 18, 20 சென்டிமீட்டர். ஒவ்வொன்றையும் அளந்தேன், ஒவ்வொன்றும் சட்டப்படி சரி. எழுபதைத் தாண்டியபிறகுதான் நிறுத்தினேன். அக்கம்பக்கத்தில் கொடுத்தும் தீரவில்லை. ஐஸ் போதாமல் பதினைந்து மீன் கெட்டுத் தென்னை மூட்டில் போயிற்று. விதியை ஒரு எழுத்து பிசகாமல் கடைப்பிடித்து, பதினைந்து நல்ல மீனை வீணாக்கினேன். கேரளப் பட்டியலில் ஒருவருக்கு நாளொன்றுக்கு இத்தனை என்ற வரம்பு கிடையாது. அன்றே எனக்கு நானே வரம்பு வைத்துக்கொண்டேன்: நாளொன்றுக்கு அயிலை 12, பாறை மீன் 2, கொடுவா 1. பலகையின் பின்புறத்தில் அதையும் சுட்டு வைத்திருக்கிறேன்.

கொடுவாவுக்கு இன்னொரு வரம்பும் உண்டு. அது வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். 2020 மழைக்காலத்தில் ஆற்று வாயின் மணல்திட்டு உடைந்து பொழி திறந்த சமயம், ஒன்பது கிலோக் கொடுவா ஒன்று மாட்டியது. பொழியூரில் அதைக் காளாஞ்சி என்பார்கள். ஊரே கூடிப் பார்த்தது. வீட்டில் அறுத்தபோது வயிறு முழுக்கச் சினை. கொடுவா ஆணாகவே முதிர்ந்து, சில ஆண்டுகள் ஆணாக வாழ்ந்து, ஏறத்தாழ 80 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன். பெரிய கொடுவா என்றால் அநேகமாக எப்போதும் பெண். இலட்சக்கணக்கான முட்டைகளைச் சுமந்து ஆற்று வாய்க்கு வந்ததை நான் கொன்றிருந்தேன். சிறியதை விடு, பெரியதை எடு என்று மட்டுமே சொல்லும் விதி இந்த மீனைக் காக்காது. ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் இதே மீனுக்கு 58 சென்டிமீட்டருக்குக் கீழும் கூடாது, 120க்கு மேலும் கூடாது. ஒருவர் ஐந்துக்கு மேல் வைத்திருக்கவும் கூடாது. நமக்கும் அப்படி மேல் வரம்பு வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது வரும்வரை 80ஐத் தாண்டிய கொடுவாவை நான் கரையேற்றுவதில்லை. இதுவரை மூன்றை விட்டிருக்கிறேன்.

விதி மாறிக்கொண்டே இருந்தால் யார் நினைவில் வைப்பது என்று நண்பர்கள் சலித்துக்கொள்வார்கள். என் தங்கையின் கணவர் இங்கிலாந்தில் செவிலியர், அவரும் தூண்டில்காரர். அங்கே பாஸ் என்னும் கடல்மீனுக்கு 2015இல் குறைந்தபட்ச அளவை 36இலிருந்து 42 சென்டிமீட்டராக உயர்த்தினார்கள். அதே ஆண்டு ஒருவருக்கு நாளொன்றுக்கு மூன்று என்றார்கள், பிறகு ஒன்று. 2018இல் ஆண்டின் பெரும்பகுதி ஒன்றுகூட எடுக்கக் கூடாது, அக்டோபரில் மீண்டும் ஒன்று. 2020இல் இரண்டு. ஒவ்வொரு முறையும் அவர் கைப்பேசியில் பார்த்துவிட்டுத்தான் கடலுக்குப் போகிறார். மீனின் நிலை மாறும்போது விதி மாறத்தான் வேண்டும். நம் பட்டியல் மாறினாலும் எனக்கு வருத்தமில்லை. ஆசாரியிடம் போய் ஒரு கோட்டைச் சுட்டுக்கொள்வேன்.

வள்ளவிளையில் எனக்குத் தூண்டில் முடிச்சுக் கற்றுத்தந்த அண்ணன் ஒருவர் இருக்கிறார், ஐம்பது ஆண்டு கடல் கண்டவர். பலகையை முதலில் பார்த்தபோது சொன்னார்: “நீ அளப்பது சரிதான், மக்களே. உனக்குக் கடல் ஞாயிற்றுக்கிழமை. எனக்கு மண்ணெண்ணெய்க் காசாவது வர வேண்டாமா?” அதற்கு என்னிடம் பதில் இல்லை, இப்போதும் இல்லை. வலையில் ஏறிய சாளை படகுக்கு வருமுன்பே செத்துவிடும். அவர் அளந்து என்ன பயன்? அவருடைய அளவு வலைக் கண்ணிலேயே தீர்மானமாகிவிடுகிறது. என் கையிலோ மீன் உயிரோடு துடிக்கிறது, என் வீட்டு அடுப்பும் அதை நம்பி இல்லை. எனவே தொழில் செய்பவரைவிடப் பொழுதுபோக்குக்காரனுக்கு விதி கடுமையாக இருப்பதே நியாயம். சில கூட்டங்களில் இதைச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். மாற்றிக்கொள்ளும் எண்ணமில்லை.

பலகையின் நிலையைக் கேட்பீர்கள். அயனி உளுக்கவில்லை, வளையவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசுகிறேன். குறுக்குக் கட்டையின் ஆணிகள் மூன்றாம் ஆண்டே துருப்பிடித்தன. செம்பு ஆணி அடித்தபின் தொல்லையில்லை. 14 சென்டிமீட்டர்க் கோடுதான் அதிகம் தேய்ந்திருக்கிறது. ஒரே வருத்தம் நீளம். 60இல் கொடுவாவை அளக்க முடியவில்லை, கயிற்றில் முடிச்சுப் போட்டுச் சமாளிக்கிறேன். 90 சென்டிமீட்டரில் இன்னொன்று வேண்டும் என்று ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன். தடைக்காலத்தில் வள்ளங்கள் எல்லாம் அவர் கொட்டகையில்தான் கிடக்கும், ஆகஸ்டுக்குப் பிறகு வா என்றார். மரத்தை இப்போதே வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன்.