ஆறு வருஷம், இரண்டு தாள் தடிமன்

போன வாரம் சகலை வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தார். ஆறு வருஷமாக என் பேண்ட் பாக்கெட்டில் கிடக்கும் அதே மடக்குக் கத்தி. அறுநூறு ரூபாய் விலை குறைந்திருக்கிறதாம். "எடுத்துரலாமுங்களா?" என்று கேட்டிருந்தார். "வேண்டாம்" என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டேன். "கல்யாண வீட்ல கூட அதை எடுத்துக் காட்டிப் பெருமை பேசுவீங்களே?" என்று திருப்பிக் கேட்டார். நியாயம்தான். வாட்ஸ்அப்பில் அடங்காத பதில் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டீல் என்ன, நீளம் என்ன என்பதெல்லாம் விற்கிற இடத்திலேயே போட்டிருக்கிறார்கள். கம்பெனி பெயரையும் சொல்லப் போவதில்லை. நான் பேச வந்தது, திறந்த பிளேடு கையில் மடங்கிவிடாமல் பிடித்து வைக்கும் லாக்கைப் பற்றி மட்டும்.

எனக்கு பம்ப்செட் கம்பெனி ஒன்றில் டிஸ்பேட்ச் வேலை. பிளாஸ்டிக் ஸ்ட்ராப், அட்டைப்பெட்டி, நைலான் கயிறு. வெட்டுகிற விஷயத்தில் இந்தக் கத்தி மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. மாதம் ஒருமுறை கல்லில் தீட்டினால் போதும்.

லாக், லைனர் லாக். கைப்பிடிக்குள் இருக்கும் லைனர் என்ற இரண்டு தகடுகளில் ஒன்றை நீளவாக்கில் பிளந்து உள்பக்கம் வளைத்து விட்டிருப்பார்கள். பிளேடு முழுசாகத் திறந்ததும் அந்தத் தகடு தாவி வந்து பிளேடின் அடிக்கட்டைக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்கும். பழைய யோசனைதான். அமெரிக்க ராணுவ எலக்ட்ரீஷியன்கள் வைத்திருந்த டி.எல்-29 கத்தியில் ஸ்க்ரூடிரைவரை இப்படித்தான் பூட்டியிருந்தார்கள். 1980களின் தொடக்கத்தில் மைக்கேல் வாக்கர் என்ற கத்திக் கைவினைஞர் அதைச் செம்மைப்படுத்தினார். மடக்கிய கத்தி தானாகத் திறந்துகொள்ளாமல் பிடித்து வைக்கும் சின்ன உருண்டையைத் தகட்டில் சேர்த்தது அவர்தான்.

இதில் அழகு எங்கே என்றால், அடிக்கட்டையின் முகம் செங்குத்தாக இருக்காது. ஏழெட்டு டிகிரி சரிவாக இருக்கும். கதவுக்கடியில் ஆப்பு செருகுவது போல லைனர் அந்தச் சரிவில் ஏறி இறுகும். உலோகம் தேயத் தேய லைனர் இன்னும் கொஞ்சம் உள்ளே போய் இடைவெளியைத் தானே அடைத்துக்கொள்ளும். தேய்வதைக் கணக்கில் வைத்தே செய்த லாக். இதை யோசித்தவருக்கு இன்றும் மனசுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.

எரிச்சலும் அதே இடத்தில்தான் ஆரம்பம். வாங்கிய புதிதில் 3 மி.மீ. அகல அடிக்கட்டையில் லைனர் 1 மி.மீ. மட்டும் ஏறி நின்றது. இரண்டாம் வருஷம் பாதியைத் தாண்டியது. இந்த வருஷம் பொங்கலுக்கு வெர்னியர் வைத்துப் பார்த்தால் 2.6. இன்னும் 0.4 போனால் எதிர்ப்பக்கத் தகட்டில் முட்டி நின்றுவிடும். அதற்குப் பிறகு தேய்வதை அடைக்க ஆளில்லை. பிளேடு மேலும் கீழும் ஆட ஆரம்பிக்கும். விலை கொடுத்து வாங்கிய பொருள் ஆறு வருஷத்தில் இப்படியா என்று கம்பெனியைத் திட்டாத நாள் இல்லை. லைனர் இறுகிப் போய், மூட வேண்டும் என்றால் கட்டைவிரல் நகம் வலிக்க அழுத்த வேண்டியிருந்தது. லைனர் முனையில் பென்சில் கிறுக்கினால் இரண்டு நாள் சுமுகம், மூன்றாம் நாள் பழைய குருடி.

கோபத்தில் வேறு கத்தி தேடினேன். பிரான்சின் ஓபினெலில் 1955இல் வந்த வளைய லாக் இருக்கிறது. தேய்ந்தால் வளையத்தை இன்னும் ஒரு நூல் திருகினால் முடிந்தது. ஆனால் அதற்கு இரண்டு கை வேண்டும், என் ஒரு கையில் எப்போதும் பெட்டி இருக்கும். 1964இல் வந்த பக் 110 போன்றவற்றில் லாக் முதுகுப்பக்கம். உறுதியானதுதான், ஆனால் அந்த வகையில் தேய்மானத்தை இந்த அளவுக்கு ஈடுகட்டும் சரிவு பெரும்பாலும் கிடையாது. 1998இல் பெஞ்ச்மேட் கொண்டுவந்த ஆக்சிஸ் லாக்கில் குறுக்குக் கம்பி ஒன்று சரிவில் உட்காரும். அருமையான ஏற்பாடு. ஆனால் அந்தக் கம்பியைத் தள்ளும் ஸ்பிரிங் முடி மாதிரி மெல்லிசு. எனக்குத் தைரியம் வரவில்லை.

கடைசியில் கோவை கணபதியில் தெரிந்த லேத் பட்டறைக்குப் போனேன். அங்கிருந்த தம்பி பிளேடைக் கழற்றி, அடிக்கட்டை முகத்தில் மார்க்கர் பூசி, மாட்டி, நாலு தடவை திறந்து மூடி மறுபடி கழற்றினார். மை அழிந்திருந்த இடம் கடுகளவு. ஸ்டாப் பின்னை விரலில் உருட்டிக் காட்டினார். திறக்கும்போது பிளேடு ஓடிவந்து இடித்து நிற்கும் பின் அது. ஒரு பக்கம் மட்டும் தட்டையாகியிருந்தது.

"வெட்டித் தேயலீங்கண்ணா. இடிச்சு இடிச்சுத் தேஞ்சிருக்குது. சும்மா சும்மா திறந்துட்டே இருப்பீங்களா?"

என்ன பதில் சொல்ல? வேலைக்காகத் திறப்பது நாளைக்கு இருபது முறை இருக்கலாம். போன் பேசும்போது, லாரிக்குக் காத்திருக்கும்போது, டீ ஆறும்போது, விரலால் சுண்டி 'டக்' என்று திறந்து மூடுவது இருநூறு முறைக்குக் குறையாது. அந்த 'டக்'குக்காகவே கத்தியைப் பாக்கெட்டில் வைத்திருக்கிறேன் என்று வீட்டில் சொல்வார்கள். வெட்டும்போது லாக்கின் மேல் விழும் பாரம் குறைவு. சுண்டித் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிளேடு சுத்தியலாகிப் பின்னை அடிக்கிறது, லைனர் அந்த வேகத்திலேயே சரிவில் ஏறி இறுகுகிறது.

அவர் கணக்கும் போட்டுக் காட்டினார். 8 டிகிரிச் சரிவில் 0.1 மி.மீ. தேய்ந்தால் லைனர் 0.7 மி.மீ. நகரும். என் லைனர் நகர்ந்தது 1.6. அப்படியென்றால் ஆறு வருஷத்தில் எல்லா இடமும் சேர்ந்து தேய்ந்தது 0.2 மி.மீ.யை ஒட்டித்தான். ஜெராக்ஸ் தாள் இரண்டை அடுக்கினால் வரும் தடிமன். இதற்குத்தான் ஊரெல்லாம் குறை சொல்லிக்கொண்டிருந்தேன்.

சில்வர் ஸ்டீல் என்கிற கார்பன் ஸ்டீல் கம்பியில் புதுப் பின் கடைந்து, பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கிக் கொடுத்தார். ஓட்டையில் உட்காரும் இரண்டு முனையும் பழைய 4 மி.மீ., நடுவில் மட்டும் 4.2. பிளேடு முன்பைவிட ஒரு மயிரிழை முன்னாலேயே நின்றுவிடுவதால் லைனர் பின்வாங்கி இப்போது 1.9இல் நிற்கிறது. ஆட்டம் இல்லை. இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டார். லைனர் இடுக்கில் ஆறு வருஷ அட்டைத்தூள் அப்பிக் கிடந்ததையும் சுரண்டி எடுத்துக் காட்டினார். தூள் அடைத்து, லைனர் விளிம்பில் மட்டும் தொற்றி நின்ற ஒரு நாளில்தான் பிளேடு மடங்கி என் ஆள்காட்டி விரல் கணுவில் கோடு போட்டது. அப்போதும் கம்பெனியைத்தான் திட்டினேன்.

மூன்று மாதம் ஆகிறது. லைனர் நிற்கும் இடத்தில் மார்க்கரில் போட்ட கோடு நகரவில்லை. ஆனால் சத்தம் மாறிவிட்டது. பழைய கனமான 'டக்' போய், சாவி கீழே விழுந்த மாதிரி ஒரு 'டிங்'. அதைக் கேட்கவே பிடிக்காமல் இப்போது மெதுவாகத் திறக்கிறேன். கோடு நகராததற்கு அதுதான் காரணமோ என்னவோ.

கத்திக்குப் பத்துக்கு ஒன்பது தாராளமாகக் கொடுப்பேன். ஆனாலும் சகலை, நீங்கள் வாங்க வேண்டாம். போன தீபாவளிக்கு எங்கள் வீட்டில் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் என் பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கை அமுக்கி அமுக்கியே உடைத்து வைத்துவிட்டுப் போனவர் நீங்கள்.