எஸ்.பி. ரோடுல "ஆல் ரீஜன்" 4கே டிஸ்க் பிளேயர் வாங்கப் போறவங்க இதப் படிச்சிட்டுப் போங்க

பெங்களூர்ல எஸ்.பி. ரோடு, நேஷனல் மார்க்கெட் பக்கம் புளூரே பிளேயர், 4கே டிஸ்க் பிளேயர்னு தேடிட்டு இருக்கறவங்களுக்குத்தான் இந்தப் பதிவு. (புளூரேன்னா டிவிடிய விடத் தெளிவா படம் தர்ற டிஸ்க், 4கே டிஸ்க் அதுக்கும் அடுத்த படி.) எங்க சித்தப்பாவ எஸ்.பி. ரோடுல ஒரு கடைல 26,500 ரூபாய்க்கு ஏமாத்திட்டாங்க. ரிட்டயர் ஆன மனுஷன், வந்த பணத்துல ஆசையா 55 இஞ்ச் 4கே டிவி வாங்கி ஹால்ல மாட்டினாரு, அதுல பழைய டிவிடி போட்டா மூஞ்செல்லாம் மசமசன்னு தெரியுதேன்னு பிளேயர மாத்தலாம்னு போனாரு, அவ்ளோதான். கடை பேர இங்க போடல, கம்ப்ளைண்ட் நடந்துட்டு இருக்கு. ஆனா என்ன பண்றாங்கன்னு ஒண்ணு விடாம சொல்லிடறேன், ஏன்னா அந்தக் கடைல அதே மாதிரி டப்பா இன்னும் அடுக்கி வெச்சிருக்காங்க.

சித்தப்பா கேக்க வேண்டிய கேள்விய சரியாத்தான் கேட்டிருக்காரு. "என்கிட்ட டிவிடி நிறைய இருக்குப்பா, இங்கயே வாங்கின புளூரே கொஞ்சம் இருக்கு, எல்லாம் இதுல ஓடுமா?" "எல்லாம் ஓடும் சார், இது துபாய் பீஸ், ஆல் ரீஜன், எந்த நாட்டு டிஸ்க்க வேணா போடுங்க"ன்னு சொல்லி, கடைல இருந்த ஒரு 4கே டிஸ்க்க போட்டுக் காமிச்சிருக்கான். பெரிய டிவி, கலரெல்லாம் பளபளன்னு இருந்திருக்கு. பெட்டிக்கு மேலயும் மெஷின் பின்னாடியும் ஆல் ரீஜன்னு ஸ்டிக்கர் வேற. யாரா இருந்தாலும் நம்புவாங்க.

வீட்டுக்கு வந்து போட்டா இங்க வாங்கின புளூரே ஒண்ணுகூட ஓடல, ரீஜன் தப்புன்னு ஸ்கிரீன்ல வருது. டிவிடில சிலது ஓடுது, பலது ஓடல. கடைக்கு போன் பண்ணா "டிஸ்க்ல ஸ்கிராச் இருக்கும் சார், தொடச்சுப் போடுங்க"ன்னான், அப்பறம் "பர்ம்வேர் அப்டேட் போடுங்க, சரியாயிடும்"னான், அதாவது மெஷினுக்குள்ள இருக்கற சாஃப்ட்வேர புதுசாக்கணுமாம். பாவம் அவரும் சித்தியும் உக்காந்து ஒவ்வொரு டிஸ்க்கா பனியன் துணியால தொடச்சிட்டு இருந்திருக்காங்க. இதக் கேட்டப்பதான் எனக்கு ரொம்ப ஆத்திரமா வந்துச்சு, நேரா மர்பி டவுன்ல இருக்கற சித்தப்பா வீட்டுக்குப் போனேன்.

மெஷினத் திருப்பிப் பாத்தேன். பின்னாடி இருந்த ஆல் ரீஜன் ஸ்டிக்கர் கம்பெனி ஒட்டினது இல்ல, லேசா கோணலா இருந்துச்சு, ஓரத்துல காத்துக் குமிழி. நகத்தால ஒரு மூலைய மெதுவா உரிச்சேன், அடியில கம்பெனி அச்சடிச்ச ரெண்டு சின்ன படம். ஒண்ணு உலக உருண்டைக்குள்ள 1, இன்னொண்ணு அறுகோணத்துக்குள்ள ஏ. அதுக்குப் பக்கத்துலயே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். துபாயும் இல்ல ஒண்ணும் இல்ல, அமெரிக்கால விக்கறதுக்குன்னு செஞ்ச மெஷின். அத மறைக்கத்தான் கரெக்டா அந்த எடத்துல ஸ்டிக்கர் ஒட்டியிருக்காங்க. இத நான் தெரியாம நடந்த தப்புன்னு ஒத்துக்கவே மாட்டேன்.

இது என்ன சமாச்சாரம்னா, டிவிடிக்கு உலகத்த எண் போட்டுப் பிரிச்சு வெச்சிருக்காங்க, அமெரிக்கா 1, இந்தியா 5. புளூரேக்கு எழுத்து. அமெரிக்கா, ஜப்பான், கொரியா எல்லாம் ஏ, ஐரோப்பா, ஆஸ்திரேலியா பி, இந்தியா, சீனா, ரஷ்யா சி. ஏ போட்ட மெஷின்ல சி மட்டும் போட்ட டிஸ்க் ஓடாது, எத்தன தடவ தொடச்சாலும் ஓடாது, அப்டேட் போட்டாலும் ஓடாது. ஆனா 2016ல வந்த 4கே அல்ட்ரா எச்டி டிஸ்க்குக்கு மட்டும் ரீஜன் பிரிவே கிடையாது, எந்த நாட்டு 4கே பிளேயர்லயும் எந்த நாட்டு 4கே டிஸ்க்கும் ஓடும். கடைல அவன் எதுக்கு 4கே டிஸ்க்க மட்டும் போட்டுக் காமிச்சான்னு இப்பப் புரியுதா? அந்த ஒரு வகைதான் அந்த மெஷின்ல கண்டிப்பா ஓடும்னு அவனுக்கு நல்லாத் தெரியும். டிவிடில சிலது ஓடினது எப்படின்னா, எல்லா ரீஜனுக்கும்னு போட்டு வர்ற டிவிடி உண்டு, தமிழ்ப் படத்துலயே நிறைய. அதுலயும் PALனு சொல்ற நம்மூர் டிவி முறைல பதிஞ்ச டிவிடிய அமெரிக்க மெஷின் பலது எடுக்கறதே இல்ல.

அதவிட பயந்தது கரண்ட் விஷயத்துக்கு. 120 வோல்ட் மெஷினுக்கு நம்ம 230 வோல்ட்ட குறைச்சுத் தர்றதுக்குன்னு பேர் ஊரு இல்லாத ஒரு கன்வர்ட்டர் டப்பாவ குடுத்திருக்கான், "சேஃப்டிக்கு சார், ஃப்ரீ"ன்னு சொல்லி. ஒரு படம் முடியறதுக்குள்ள அந்த டப்பா கை வெக்க முடியாத சூடு. அத எடுத்துட்டு வேற யாராவது தெரியாம நேரா சுவத்துல சொருகினா மெஷின் போயிடும். வயசானவங்க ரெண்டு பேர் இருக்கற வீடு, ஒரு வார்த்த சொல்லணும்ல?

கடைக்குப் போனோம். உரிச்ச ஸ்டிக்கர காமிச்சதும் "அது இம்போர்ட்டர் ஒட்டினது, நாங்க ஒட்டல"ன்னான். பில் கேட்டா, குடுத்தது எஸ்டிமேட்னு போட்ட துண்டுச் சீட்டு, அதுல கடை பேரும் இல்ல, ஜிஎஸ்டி நம்பரும் இல்ல. "பில் போட்டா இன்னும் நாலஞ்சாயிரம் ஏறும் சார்"னு அன்னைக்கு சொல்லியிருக்கான். பணம் யுபிஐல தான் போயிருக்கு, ஆனா கவுண்டர்ல ஒட்டியிருக்கற க்யூஆர்க்கு இல்ல, "அதுல சர்வர் டவுன் சார், இந்த நம்பருக்கு போடுங்க"ன்னு ஒரு மொபைல் நம்பருக்கு. இப்ப கேட்டா "அது என் தம்பி நம்பர், கடைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல"ங்கறான். கடைசில "பெரியவர் முகத்துக்காக" 12,000 தர்றேன், மெஷின வெச்சிட்டுப் போங்கன்னான். வாங்கிக்கல. இந்த மொபைல் நம்பர் விஷயத்த தயவுசெஞ்சு ஞாபகம் வெச்சுக்கோங்க, எந்தச் சாமானா இருந்தாலும் கடை பேர் வர்ற க்யூஆர்க்கு தவிர வேற எதுக்கும் பணம் போடாதீங்க.

கம்பெனி சர்வீஸ் சென்டர்லயும் கேட்டோம், சீரியல் நம்பர் இந்தியாவுக்கு வந்த சரக்கு இல்ல, வாரண்டி கிடையாதுன்னுட்டாங்க. அவங்க சொன்னது நியாயம்தான், அவங்க மேல எனக்கு எந்தக் குறையும் இல்ல.

அங்க நின்னுட்டு இருந்தப்பவே இன்னொண்ணும் பாத்தேன். ஒரு பையன் வந்து எச்டி டிஸ்க் பிளேயர் இருக்கான்னு கேக்க, ஃபுல் எச்டி 1080ன்னு பெருசா போட்ட ஒரு டப்பாவ எடுத்து வெச்சாங்க. அது சாதா டிவிடி பிளேயர். டிவிடில இருக்கறது 720க்கு 576 புள்ளிதான், அத மெஷின் இழுத்துப் பெருசாக்கி 1080 வரிசையா அனுப்புது, அவ்ளோதான் அந்த 1080. இல்லாத விவரம் எங்கேந்து வரும்? டிவிடி பிளேயர்ல இருக்கறது சிவப்பு லேசர், புளூரே டிஸ்க்க படிக்க நீல லேசர் வேணும், அதனால புளூரேன்னு முத்திரை இல்லாத எந்த மெஷின்லயும் புளூரே ஓடாது. அந்தப் பையன்கிட்ட சொன்னேன், வாங்காமப் போயிட்டான், கடைக்காரன் என்னப் பாத்த பார்வ இருக்கே.

சரி, ஒழுங்கான மெஷினே கிடைச்சாலும் இந்தக் காசு போடலாமான்னு நிறைய பேர் கேக்கறீங்க. என் அபிப்பிராயத்த சொல்றேன். டிவிடிக்கும் புளூரேக்கும் வித்தியாசம் நிஜமாவே பெருசு, டிவிடி 4.7 இல்ல 8.5 ஜிபி, புளூரே 25 இல்ல 50 ஜிபி, 55 இஞ்ச் டிவில கண்ணாடி போட்ட சித்தப்பாவுக்கே தெரியும். புளூரேலேர்ந்து 4கே போனா, பத்தடி தள்ளி சோபால உக்காந்து பாக்கறப்ப கூர்மைல பெருசா ஒண்ணும் தெரியாது, எச்டிஆர்னு சொல்ற கூடுதல் கலர், வெளிச்சம்தான் தெரியும், அதுவும் டிவில அந்த வெளிச்சம் இருந்தா. ஆன்லைன்ல வர்ற 4கேவ விட டிஸ்க்ல டேட்டா பல மடங்கு ஜாஸ்தி, இருட்டு சீன்ல கட்டம் கட்டமா உடையாது, அது உண்மை. சவுண்டும் அப்படித்தான், ஆனா ரிசீவர் (ஸ்பீக்கர்களுக்கு சவுண்டு பிரிச்சு அனுப்பற பெட்டி), ஸ்பீக்கர் இல்லாம டிவி ஸ்பீக்கர்லயே கேக்கறதுன்னா அந்தக் காசு வீண். ஆப்டிகல் ஒயர்ல அந்த உசந்த சவுண்டு வரவே வராது, எச்டிஎம்ஐல போனாத்தான் வரும்.

ஆனா நம்மள மாதிரி ஆளுங்க வீட்ல இருக்கறது முக்காவாசி பழைய தமிழ் டிவிடி. அத எத்தன விலை மெஷின்ல போட்டாலும் டிஸ்க்ல இருக்கற படம்தான் வரும், டிவியே பெருசாக்கற வேலையப் பாத்துக்கும். அதுக்கு எச்டிஎம்ஐ இருக்கற, இங்க விக்கறதுக்குன்னே வந்த சாதா டிவிடி பிளேயர் போதும். புளூரேல தமிழ்ப் படம் வந்ததே கொஞ்சம், புதுசா வர்றது அதவிடக் கொஞ்சம். மெஷின் செய்யறவங்களும் ஒவ்வொருத்தரா நிறுத்திட்டாங்க, ஓப்போ 2018லயே நிறுத்திடுச்சு, சாம்சங் 2019ல அமெரிக்காவுக்குப் புது மாடல் இல்லன்னுடுச்சு, எல்ஜியும் அப்பறம் விலகிடுச்சு. இங்கிலீஷ் படம் டிஸ்க்ல சேக்கறவங்களுக்கு மட்டும் 4கே பிளேயர் அர்த்தமுள்ள செலவு, மத்தவங்களுக்கு வேண்டாம்னுதான் சொல்வேன். பசங்களுக்கு டிஸ்க் போடற பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5 கேம் மெஷின்) வாங்கியிருந்தா தனியா பிளேயரே வேண்டாம், இந்தியால வாங்கினதுன்னா 4கேயும் ஓடும், நம்ம ரீஜன் புளூரேயும் ஓடும். பிஎஸ்4ல புளூரே ஓடும், 4கே டிஸ்க் ஓடாது. ரெண்டுலயும் ஆடியோ சிடி ஓடாது, அதையும் பாத்துக்கோங்க.

அப்படியும் கடைக்குப் போறதுன்னா உங்க டிஸ்க்க நீங்களே எடுத்துட்டுப் போங்க, இங்க வாங்கின புளூரே ஒண்ணு, டிவிடி ரெண்டு மூணு, அத அங்கயே ஓட்டிக் காமிக்கச் சொல்லுங்க. மெஷினத் திருப்பி 5, சி, 230 வோல்ட் இருக்கான்னு பாருங்க, அந்த எடத்துல ஸ்டிக்கர் இருந்தா உரிக்கச் சொல்லுங்க, உரிக்க மாட்டேன்னா வெளிய வந்துடுங்க.

நாங்க 1915 நுகர்வோர் ஹெல்ப்லைன்ல புகார் பதிஞ்சிருக்கோம், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போறோம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் குடுக்காததே முறையற்ற வணிகம், பழுதான பொருள திருப்பி வாங்கி பணம் தர மாட்டேங்கறதும் அதுல சேரும், பில்லுல கெடு எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள குடுத்தாகணும். அஞ்சு லட்சம் வரைக்கும் வாங்கின பொருளுக்கு ஆணையத்துல ஃபீஸ் கிடையாது, வக்கீல் இல்லாம நாமளே போடலாம், ஆன்லைன்ல நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்துல போடலாம். யுபிஐ ரசீது, துண்டுச் சீட்டு, கடைக்காரன் அனுப்பின வாட்ஸ்அப் மெசேஜ், உரிச்ச ஸ்டிக்கரோட போட்டோ எல்லாம் வெச்சிருக்கோம். இதே மாதிரி கோணல் ஸ்டிக்கர் ஒட்டின மெஷின் எஸ்.பி. ரோடுல வாங்கினவங்க யாராவது இருந்தா எனக்குத் தனியா மெசேஜ் பண்ணுங்க, மெஷின் பின்பக்கத்த தெளிவா ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க, சேந்து புகார் குடுக்கலாம்.